டெல்பெர்ட்டின் மனைவி

சோள ரொட்டியில் நான் சர்க்கரை சேர்ப்பதில்லை. டெல்பெர்ட்டுக்கும் அப்படித்தான் பிடிக்கும். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், இதுகூடத் தெரியாமல் இருக்குமா.

ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் ஆன மாதிரிதான் என்று நான் வேலை பார்க்கும் பருத்தி ஜின்னிங் மில்லில் எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். வக்கீல் ப்ரூயிட்தான் இல்லை என்றார். "டெக்சஸ்ல வருஷக் கணக்கே கிடையாதும்மா. புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும், இங்கயே சேர்ந்து வாழணும், ஊர்ல நாலு பேர்கிட்ட அப்படியே சொல்லிக்கணும். மூணும் இருந்தா சர்ச்சும் வேணாம், சர்டிபிகேட்டும் வேணாம்."

டெல்பெர்ட் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. சர்ச் விருந்தில் யாராவது என்னை "மிசஸ் ஹாஸ்கியூ" என்று கூப்பிட்டால், தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவான். "இவ ஒலீட்டா. என் வீட்ல இருக்கா."

அவன் அக்கா வெர்னா சிரிப்பாள். "பூனையும்தான் இருக்கு உன் வீட்ல."

மார்ச்சில் அவன் டிரக்குக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கியை இறக்கினேன். கால் மேல் மட்டும். மில்லில் எந்திரத்துக்கு அடியில் கிடந்தவள் நான், அளவு தெரியும். ஜாக்கி நழுவியதாகவே அவன் நினைத்தான். ஆஸ்பத்திரியில் குடும்பத்தாரைத்தான் உள்ளே விடுவார்கள். என்னை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து அவன் கத்தினான்: "அவ என் பொண்டாட்டி, விடும்மா." இரண்டு நர்சுகள் கேட்டார்கள். தாளிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ப்ரூயிட்டிடம் போய்ச் சொன்னேன். "வலியில ஒரு தடவை சொன்னது போதாதும்மா. ஊரே அப்படி அறிஞ்சிருக்கணும்" என்றார். சரி, ஆரம்பம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வெர்னா வீட்டுக்கு வந்தாள். "என்னடா, கல்யாணமாமே? எனக்கு ஒரு துண்டு கேக்குகூட வரல."

அவன் சிரித்தான். "கையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு சொன்னேன்க்கா. திங்கக்கிழமை போய் அந்தப் பேப்பரைத் திருத்தச் சொல்லிடறேன்."

ஞாயிறு மதியம் பீன்ஸ் வேகவைத்தேன். அவனுடைய வலி மாத்திரை முழுவதையும் பொடித்துக் கலந்தேன். கசக்கும் என்று மிளகாயைக் கூடுதலாகப் போட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டான். ரொட்டி நன்றாக இருக்கிறது என்றான். திங்கட்கிழமை அவன் எங்கும் போகவில்லை.

நேற்றைய பத்திரிகையில் "கணவனைக் கொன்ற மனைவி" என்று போட்டிருக்கிறது. மில்லிலும் சர்ச்சிலும் அதே பேச்சாம். வெர்னாகூட உங்கள் போலீஸ் ஆளிடம், "அவன் பொண்டாட்டிதான் செஞ்சா" என்றுதான் சொன்னாளாம்.

நீங்கள் நீட்டும் தாளில் மட்டும் "மணமாகாதவள்" என்று இருக்கிறது, ஐயா. அதைத் திருத்திக் கொடுங்கள். பொய்யில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.