“இல்லேன்னா?” என்று கேட்டவருக்கு எம் பிரியாவிடை

கட்டளைக்கு மட்டுமே கட்டுப்படும் கணினிக்கும் கருணை கற்பித்த கனிவுக் கடலே! மருத்துவமனையின் கணினிப் பிரிவை முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்னின்று நடத்திய தலைவியே! மொழிகள் மாறியபோதெல்லாம் மனம் மாறாது நின்ற மாண்பே! பணி நிறைவு பெறும் இந்நாளில், பெருமை ஒரு கையையும் பிரிவு மறு கையையும் பிடித்திழுக்க, எம் அன்பு அக்காவே, தங்கள் முன் வந்து நிற்கிறோம்.

அவசரப் பிரிவுக்கு வருவோரில் யாரை முதலில், எந்த அறைக்கு அனுப்புவது என்று சொல்லும் நிரல் தங்கள் கைவண்ணம். காய்ச்சல் இருந்தால் இங்கே, மூச்சுத் திணறினால் அங்கே என்று அது முழுக்க முழுக்க நிபந்தனைகளால் ஆனது. முதலில் அதைக் கோபோல் என்னும் கணினி மொழியில் எழுதினீர்கள். அங்கே நடுவில் ஒரு முற்றுப்புள்ளி தவறி விழுந்தால் நிபந்தனை அத்தோடு முடிந்துவிடும். காய்ச்சல்காரருக்கு எழுதிய உத்தரவு வந்தவர் அத்தனை பேர் தலையிலும் விழும். பிறகு சி மொழி வந்தது. அடைப்புக்குறி போட மறந்தால் முதல் வரி மட்டும் நிபந்தனைக்கு அடங்கும், மற்றவை அவிழ்த்துவிட்ட கன்றுபோல் ஓடும். அதற்கும் பிறகு பைத்தான். புள்ளியும் கிடையாது, அடைப்பும் கிடையாது. ஓரத்திலிருந்து வரி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே அதற்குச் சட்டம். ஒன்றின் கோபம் மற்றொன்றுக்குத் தெரியாமல் மூன்றையும் மூன்று மருமகள்களைப் போல அனுசரித்துப் போனீர்கள்.

மொழி மாறினாலும் தங்கள் கேள்வி மாறவில்லை. எங்களில் யார் நிபந்தனை எழுதிக் காட்டினாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சரி, இல்லேன்னா?” என்பீர்கள். அதற்கு விடை எழுதாத எந்த நிபந்தனையும் நம் அறையைத் தாண்டியதில்லை. ‘இல்லேன்னா அக்கா’ என்று தங்கள் முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்துச் சிரித்தோம். ஒரு நாள் தொலைபேசியை எடுத்து, “இல்லேன்னா அக்கா பேசறேன், சொல்லுங்க” என்றீர்கள். எங்கள் குட்டு உடைந்தது.

வரிகளை வெட்டுவதில் வல்லவரானதால் ‘கத்தரி’ என்று நாம் அழைக்கும் நண்பரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. நிரலின் கடைசியில், எந்த நிபந்தனையிலும் அடங்காதவர் வந்தால் செவிலியர் மேசையில் மணி அடிக்க ஒரு வரி வைத்திருந்தீர்கள். பைத்தானுக்கு மாற்றியபோது அவர் அதை வெட்டப் பார்த்தார்.

“ஒரு தடவைகூட ஓடாத வரி இது, அக்கா. எடுத்துட்டா என்ன?”

“எடுத்துட்டா, எதுலயும் சேராதவங்க எங்க போவாங்க?”

வரி தங்கியது. பிறகொரு மழை நாளில் ஒரு முதியவர் தனியே வந்து உட்கார்ந்தார். காய்ச்சல் இல்லை, மூச்சு சீர், நாடி சீர். தம் பெயரை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. மணி அடித்தது. ஓடி வந்த செவிலியர் அவர் கண்ணைப் பார்த்ததும் மருத்துவரை அழைத்தார். தலைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அடுத்த மாதம் அவர் தம் காலால் நடந்து வீடு போனார். அன்றுமுதல் கத்தரி, “லீவு குடுத்தா ஊருக்குப் போறேன், இல்லேன்னா வேலைக்கு வரேன்” என்றுதான் விடுப்பே கேட்கிறார்.

இத்தனை பேருக்கும் ‘இல்லேன்னா’ எழுதிய தாங்கள் ஒருவருக்கு மட்டும் எழுதவில்லை. கடலோர ஊரில் தனியே இருக்கும் தங்கள் உடன்பிறந்த அக்காவிடம், “இந்த மாத்துற வேலை முடிஞ்சா வந்துடறேன்க்கா” என்று ஒவ்வொரு மொழி மாற்றத்தின்போதும் சொன்னீர்கள். மதிய உணவின்போது ஒலிபெருக்கியில் அவர் குரலை நாங்களும் கேட்டோம்.

“ஊருக்கெல்லாம் கேக்கறியே, உன் ‘முடிஞ்சா’வுக்கு ஒரு ‘இல்லேன்னா’ கிடையாதாடி? உனக்குன்னு ஒரு ரூம் வச்சுக்கிட்டு, தினம் ஜன்னலைத் திறந்து திறந்து மூடறேன்.”

பிசைந்த சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுத் தாங்கள் மேசைக்குத் திரும்பினீர்கள்.

சென்ற வாரம் மேலாளர் எங்களை அழைத்தார். “அடுத்த மொழி வாசல்ல நிக்குது. பிரியாவிடை மடல்ல நீங்க ஒரு வார்த்தை கேட்டா, அக்கா இன்னும் ரெண்டு வருஷம் இருப்பாங்க” என்றார். அதை அவர் சொல்லவா வேண்டும்? எங்கள் ஏக்கமெல்லாம் அதுதானே! எழுதினோம். எழுதியதைக் கத்தரி உரக்க வாசித்தார்; வாசித்தவரே பேனாவால் அடித்தார்.

“வேணாம். கேட்டா இருந்துடுவாங்க.”

ஆகவே கேட்கவில்லை, அக்கா. கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். நாளைக் காலை ஒரு நிபந்தனையை எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் தங்கள் மேசைப் பக்கம் திரும்புவோம்.

போய் வாருங்கள்! கடற்காற்றும் கண்நிறைந்த உறக்கமும் காலமெல்லாம் துணை நிற்க, உடல்நலம் குன்றாது நூறாண்டு வாழுங்கள்! தங்கள் அக்காவின் வீட்டில் மனம் ஒட்டிவிட்டால் அங்கேயே இருங்கள்.

இப்போது மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். “இல்லேன்னா?” என்பீர்கள். அதையும் எழுதிவைத்துவிட்டோம், அக்கா: தங்கள் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வரி ஒரு நாளும் ஓட வேண்டாம் என்றே வேண்டுகிறோம். ஆனாலும் எடுக்க மாட்டோம்.

என்றும் தங்கள் கேள்விக்குக் காத்திருக்கும்,
கணினிப் பிரிவுத் தம்பி தங்கைகள்