பனிக்குடிலுக்குள் நானும் டோலெஃப்சன் டீச்சரும் இருந்தது தொடர்பாக

வெண்டல் கங்காஸ், வயது 46, த/பெ ஆர்வோ கங்காஸ் ஆகிய நான், மினசோட்டா மாநிலம் லூன்போர்ட் ஊரில் ஏரி வீதியில் குடியிருந்து, மீன்பிடி இரைக் கடை நடத்திவருகிறேன். ஷெரிஃப் அலுவலகத்தில் விசாரித்ததன் பேரில் யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

என் மகள் மரிட் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் குளிர்காலத்தில் காட்டில் தங்கப் பழக்கும் பாடம் ஒன்று உண்டு. பனியைக் குவித்து, இறுகவிட்டு, உள்ளே குடைந்து, ஆள் படுக்கும் குடிலாக்க வேண்டும். மரிட் கட்டிய குடிலுக்கு அவளுடைய ஆசிரியை கிரெட்சன் டோலெஃப்சன் ‘சி’ போட்டார். ‘பி’ வாங்கினால்தான் பனிக்கால முகாமுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தலைவியாக முடியும். காரணம் கேட்டதற்கு, கூரையில் காற்றுத் துளை இல்லை என்றார். ஒரு ஓட்டைக்காகவா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளித் தாழ்வாரத்தில் நான் கத்தியது உண்மை. “வாங்க டீச்சர் ஏரிக்கு, அங்க வச்சுப் பாத்துக்கலாம்” என்றதும் உண்மை. அதைக் கேட்டவர்கள் கண்டபடி நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அதன் பின்னர் இருவரும் என் வண்டியில் ஏரிக்கரைக்குப் போய், இஞ்சினை அணைக்காமலே இறங்கி, அங்கே மரிட் கட்டியிருந்த குடில்வரை நடந்தோம். அதன் உறுதியைக் காட்ட நான் உச்சியில் ஏறி நின்றேன். என் எடையை ஊரே அறியும். குடில் அசையவில்லை. “சுவத்துல குறை சொன்னேனா நான்?” என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பனிப்புயல் வந்து, நீட்டிய கை தெரியாமல் போயிற்று. வண்டியைத் தேடிப் போயிருந்தால் வழி தவறியிருப்போம். ஆகவே குடிலுக்குள் ஊர்ந்து போய், வாசலை டீச்சரின் முதுகுப்பையால் அடைத்தோம்.

உள்ளே காற்றின் சத்தம் நின்றுவிட்டது. சுவர் முழுக்க நீல வெளிச்சம். என் மகள் கையுறையால் தடவித் தடவி வழவழப்பாக்கிய வளைவில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடையில் புழு டப்பாவைக்கூட ஒழுங்காக அடுக்காத பெண். இதை இவளா செய்தாள் என்று பிரமித்துப்போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்னர் டீச்சர் மெழுகுவர்த்தி ஏற்றினார். நேரம் போகப்போகச் சுடர் சிறுத்தது. எனக்குத் தலை கனத்துத் தூக்கம் வந்தது. “தூங்காதீங்க, அந்தச் சுடரையே பாருங்க” என்று சொல்லிவிட்டு, டீச்சர் தன் பையில் கட்டியிருந்த கழியைக் கூரையில் செருகி உருவினார். சுடர் நிமிர்ந்து நின்றது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டீச்சர் குத்திக்காட்டவில்லை. “சின்னப் பிள்ளைங்க இதுக்குள்ளதான் தூங்கும், கங்காஸ்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பின்னர் புயல் தணிந்து, தேடி வந்தவர்கள் எங்களை வெளியே எடுத்தார்கள். நான் டீச்சரை மிரட்டவோ அடைத்துவைக்கவோ இல்லை. மதிப்பெண் பற்றிப் பள்ளியில் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். ‘சி’ அப்படியே இருக்கட்டும், மரிட் இன்னொன்று கட்டட்டும் என்று எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம்.

இந்த அலுவலக வாசலில் மரிட் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்க்கை மாற்றச் சொல்லமாட்டேன் என்றேன். “நான் எப்பப்பா மாத்தச் சொன்னேன்? நீதானே போன” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்றேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டியதும் குறைத்ததும் இல்லை, அத்தனையும் நடந்தவை.

(ஒப்பம்) வெண்டல் கங்காஸ்