வீட்டுக்காரர் குடித்த கஷாயம்

அறுபதுகளில் ஒருநாள் காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். மூத்தவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“எனக்கு நாள் நெருங்கினா வருமே ஒரு கோவம், அதுக்கு இந்த மாசம் கஷாயம் குடிச்சது எங்க வீட்டுக்காரர்.”

“அவர் எதுக்குங்க குடிச்சாரு?”

“மலைவேம்பும் சுக்கும் போட்டு அவரே காய்ச்சிக் கொண்டாந்தாரு. கசக்கும், வேணாம்னேன். வீம்புன்னாரு. நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்கன்னேன்.”

“குடிச்சாரா?”

“குடிச்சாரு. மூஞ்சி கோணிப்போச்சு. ‘இதுக்கு நீ திட்டுறதே தேவலாம்’னுட்டாரு. எனக்குச் சிரிப்பு அடங்கல. அன்னிக்குப் பூரா கோவமே வரல.”

மெயின்கார்டு கேட்டில் பஸ் நின்றது. இளையவர் எழுந்தார்.

“எந்த நாட்டு மருந்துக் கடைன்னு சொல்லுங்க. எனக்கும் நாள் நெருங்குது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டலம் வாங்கணும்.”