பிரியாத பொட்டலம்

டாக்டர்தான், ஆனா அந்த டாக்டர் இல்லண்ணே, ஊசி போட மாட்டேன். உங்க டாக்சில ஏறினப்ப போன்ல டாக்டர்னு கூப்பிட்டது எங்க அண்ணி குமுதா. பிஎச்டி வாங்கினாலும் எங்க வீட்ல டாக்டர்தான், காய்ச்சல்னாலும் என்னையத்தான் கேப்பாங்க. இப்பல்லாம் அப்படிக் கூப்பிட்டாலே கூசுது.

ஷா ஆலம்ல லேப்ல இருக்கேன். மருந்து டிசைன் பண்றது. வாழையெலையில சோத்த மடிச்ச நாசி லெமாக் பொட்டலம் இருக்குல்ல, அது மாதிரிலா. மருந்தக் கட்டியே அனுப்புவோம், வழியில பிரியக் கூடாது. கேன்சர் கட்டிகிட்ட போயித்தான் பிரியணும், அப்பத்தான் மத்த எடத்துக்குச் சேதாரமில்ல. சில மருந்த ஈரல் பிரிக்கும். பிரிக்கலன்னா சாப்பிட்டும் பிரயோஜனமில்ல. பினாங்குல இதத்தான் மேடையேறிப் பேசினேன், கை தட்டினாங்க.

காப்பார் ரோட்டுலயே போங்கண்ணே. அவசரமில்ல.

எங்க அண்ணன் கமலநாதன், லோரி ஓட்டினாரு. போன வருஷம் ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சாங்க. ரத்தம் கட்டாம இருக்க தெனமும் ஒரு மாத்திரை. அதுவும் பொட்டலந்தான், ஈரல் பிரிச்சாத்தான் வேல செய்யும். தீபாவளிக்கு நெஞ்சு எரியுதுன்னாரு. கேஸ்டிரிக்குக் குடுத்த மாத்திரைய வாங்கிப் போட்டாரு. எரிச்சல் நின்னுச்சு. அப்புறம் பார்மசில அதையே வாங்கித் தெனமும் போட்டிருக்காரு. அந்த மாதிரி சில கேஸ்டிரிக் மாத்திரை, ஈரல அந்தப் பொட்டலத்தப் பிரிக்க விடாதுண்ணே, கையப் புடிச்சுக்கும்.

குடுத்தவங்களா? படிச்ச ஆளுதான். அண்ணனோட மருந்துப் பை மேசை மேலயே கெடந்துச்சு. வேற என்ன சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல.

ஸ்டென்ட் அடைச்சிருச்சு. இன்னைக்கு அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். அந்த மாத்திரையாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியல. வெக்கமா இருக்குண்ணே. அண்ணிகிட்ட இன்னும் வாயத் தொறக்கல.

அந்தப் பந்தல் போட்ட வீடுதான். நிறுத்தாதீங்க, இன்னொரு ரவுண்டு போங்க, காசு சேத்துத் தர்றேன்.

அண்ணி போன்ல என்ன கேட்டாங்க தெரியுமா? அழுதழுது நெஞ்சு எரியுதாம். தீபாவளிக்கு ஹேண்ட்பேக்லேர்ந்து எடுத்து அண்ணனுக்குக் குடுத்தியே ஒரு மாத்திரை, அவருக்கு நல்லாக் கேட்டுச்சு, எனக்கும் ஒரு அட்டை கொண்டாம்மான்னாங்க.

சரி அண்ணின்னுட்டேன். பேக்லதான் இருக்கு.