விரல் போகும் பக்கம் கண்

“அந்தக் கவுன்சிலிங் மேடம் விரலை இங்கயும் அங்கயுமா ஆட்டுவாங்க. நான் விபத்தை நெனச்சுக்கிட்டே, தலையைத் திருப்பாம, கண்ணை மட்டும் விரல் கூடவே ஓட்டணும்.”

புளியங்குடியிலிருந்து தென்காசி செல்லும் பஸ்ஸில், பக்கத்து வரிசையில் இருந்தவர் மனைவியிடம் இப்படிச் சொன்னார். எலுமிச்சை லாரி ஓட்டியவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“எங்கம்மா எலுமிச்சம்பழத்தைச் சுத்திப்போடும்போதும் கண்ணை ஓட்டத்தானே செஞ்சிய?”

“ஏட்டி, கிண்டல் பண்ணாத.”

“பைக்குல வந்து உங்க லாரியில மோதுன அந்தப் பையனை மறந்துருவியளா?”

“மறக்காதாம். நெனச்சா இப்படி நடுங்காதாம்.”

“நல்லதுதானே? பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“அவன் செத்தே போயிட்டான். எனக்கு நடுக்கமும் நின்னுட்டா, நான் என்ன மனுசன்?”

“நீங்க நடுங்குதியன்னு அவன் எந்திரிச்சா வந்தான்? தூக்கத்துல நீங்க கத்துத கத்துக்கு நம்ம பிள்ளைதான் எந்திரிச்சு அழுது.”

அவர் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார்.

சாரல் தொடங்கிவிட்டதால் குற்றாலத்துக்குப் பைக்குகள் விரைந்துகொண்டிருந்தன. ஒன்று பஸ்ஸை உரசுவது போல் குறுக்கே புகுந்தது. அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது.

பக்கத்தில் மனைவியின் காலும் அழுத்திக்கொண்டிருந்தது.