உரியவரிடம் முதலில் சொன்னவர்

முனைவர் ராஜலக்ஷ்மி அவர்களின் பணி நிறைவு விழாவில் ஆய்வகத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்

உயிரணுவின் உள்ளறை புகுந்து மரபணுவின் மொழி பயின்ற மாண்பாளரே, குருத்தணுவைக் குழந்தையெனக் காத்துக் குடும்பங்களின் குலைநடுக்கம் தணித்த கொடையாளரே, மல்லேசுவரத்து வீதியில் கன்னடமும் இல்லத்து முற்றத்தில் தமிழும் இரு கண்ணெனப் பெற்று வளர்ந்த எங்கள் ராஜலக்ஷ்மி அம்மையாரே, தங்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம்.

தாங்கள் பெற்ற விருதுகளையும் வகித்த பதவிகளையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டோம். தங்களை யாரென்று எங்களுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை நடந்தது நடந்தபடி இந்த அவையோர் முன் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

பழ ஈக்களின் மரபணுவில் தொடங்கியது அம்மையாரின் ஆராய்ச்சி. புளித்த பழமும் ஈஸ்ட்டும் கலந்த வாடை புடவையில் ஏறி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போன காலம் அது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஈயிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து ‘ஸ்டெம் செல்’ எனும் மனிதக் குருத்தணுவுக்கும் வந்தார். எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய அவற்றுக்கு நாள் தவறாமல் உணவு மாற்ற வேண்டும். யுகாதியன்றும் தீபாவளியன்றும் முதல் ஆளாக வந்து நிற்பார். “செல்லுக்கு லீவு கிடையாதுப்பா. அதுக்குப் பசிச்சா யார்கிட்ட போய்க் கேக்கும்?” என்பார்.

அவர் எளிதான மனிதர் அல்லர். கோபம் வந்தால் கன்னடத்தில்தான் வரும். அதைக் கேட்டு அழுதுகொண்டே படியிறங்கியவர்கள் எங்களில் உண்டு. மறுநாள் காலை அவர்கள் மேசைமேல் ஒரு டப்பா கோடுபளே முறுக்கு இருக்கும். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் எவருமில்லை.

இதயத் தசை தடித்து, ஒருநாள் திடீரென்று துடிப்பு தடுமாறி உயிரைப் பறிக்கும் நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அதன் மூலத்தை மரபணுவில் தேடும் ஆய்வை அவரும், அப்போது ஒப்பந்தப் பணியில் சேர்ந்திருந்த விஞ்ஞானி ஸ்ரீஹர்ஷாவும் தொடங்கினர். அதற்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களுள் ஒருவர் அப்பாதுரை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர், பக்கத்து ஹெப்பகோடியில் குடியிருப்பு. அவருடைய அண்ணன் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்திருந்தார். ஊசி ஏறும்போதும் அப்பாதுரை மகளைப் பற்றியே பேசினார். “எம் பொண்ணு சௌம்யா காலேஜ் கபடி டீம்ல இருக்கா மேடம். ரைடு போனா வெறுங்கையோட திரும்ப மாட்டா.”

அந்த ரத்தத்திலிருந்து குருத்தணுக்களை உண்டாக்கி, அவற்றை இதயத் தசையாக வளர்த்தார்கள். கண்ணாடித் தட்டில் அவை துடிக்கத் தொடங்கின. இதயத்தை விரைவுபடுத்தும் மருந்தை ஒரு சொட்டு விட்டதும் துடிப்பு தாறுமாறாகச் சிதறியது. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அதில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருந்தது. ஆய்வகமே குதூகலித்தது. ராஜலக்ஷ்மி மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தகப்பனிடம் இருக்கும் அந்தக் குறை மகளுக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

ஆய்வு முடிவைத் தனி ஆள்களிடம் சொல்வதில்லை என்பது அன்றைய ஏற்பாடு. சொல்வதானால் நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்ப வேண்டும். எல்லாக் குடும்பங்களிடமும் மறுபடி சம்மதம் பெற்று, மருத்துவமனையில் மறு சோதனை செய்ய வேண்டும். அது முடியும்வரை ஆய்வுக் கட்டுரையை வெளியிடுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

“மேடம், ஸ்வல்ப யோசிங்க” என்றார் ஸ்ரீஹர்ஷா. “பேப்பரை முதல்ல அனுப்பிடலாம். வெளிநாட்டுல இன்னொரு லேப் இதே ஜீன்லதான் வேலை பண்றாங்க.”

“தெரியும். ஆனா அந்தக் குடும்பங்க இதை நியூஸ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

“என் வேலை பர்மனெண்ட் ஆகறது இந்த பேப்பர்லதான் இருக்கு.”

“அதுவும் தெரியும் ஹர்ஷா. அந்தப் பொண்ணு இன்னிக்குச் சாயங்காலம் கபடி ஆடப் போவா. அதுவும் எனக்குத் தெரியறதே. தெரிஞ்சுண்டு என்ன பண்ணச் சொல்றே?”

ஆய்வகம் ஆஸ்பத்திரி ஆகிவிடக்கூடாது என்றார் அன்றைய இயக்குநர். அறநெறிக் குழுவோ திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டது. ராஜலக்ஷ்மியும் சலிக்காமல் திரும்பத் திரும்பப் போய் நின்றார். அனுமதி கிடைப்பதற்குள் வெளிநாட்டு ஆய்வகத்தின் கட்டுரை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்ரீஹர்ஷா அவரிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. தேர்வுக் குழுவின் முன் ராஜலக்ஷ்மி தாமாகவே போய், தாமதம் தம்முடையது, உழைப்பு அவருடையது என்று எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு அது எடுபடவில்லை. ஸ்ரீஹர்ஷா மேலும் ஓராண்டு ஒப்பந்தத்திலேயே இருந்தார். அந்த ஓராண்டு ராஜலக்ஷ்மியின் மனத்தில் முள்ளாகவே தைத்திருந்தது என்பதை உடனிருந்த நாங்கள் அறிவோம்.

அனுமதி வந்த வாரமே, மரபணு ஆலோசகர் ராதாவை அழைத்துக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போனார். அப்பாதுரை முழுவதும் கேட்டுக்கொண்டு, “அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கும் வருமா மேடம்?” என்றார்.

“வரலாம், வராமலும் போகலாம். ஆனா முன்னாடியே தெரிஞ்சா டாக்டரால காப்பாத்த முடியும்.”

சௌம்யா கதவருகில் நின்றிருந்தாள். “டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா கபடிய விடச் சொல்லுவீங்க. நான் எடுக்க மாட்டேன்.”

“எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம்மா” என்றார் ராஜலக்ஷ்மி. வற்புறுத்தவில்லை. அவர் கிளம்ப எழுந்தபோது அந்தப் பெண்ணே கேட்டாள்: “எங்கப்பாவோட செல்லு துடிக்குதுன்னு சொன்னீங்களே. அதப் பாக்கலாமா?”

மறுவாரம் ஆய்வகத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் நெடுநேரம் எடுக்கவில்லை.

“ஓடி ஓடி நிக்குதே மேடம்.”

“மருந்து விட்டிருக்கு. அதான்.”

“எங்கப்பா டபுள் டூட்டி பாத்துட்டு வருவாரு. நெஞ்சு வலிக்குதான்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல.”

ராஜலக்ஷ்மி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சௌம்யா சட்டைக் கையை மேலே சுருட்டினாள். “எனக்கும் ரத்தம் எடுத்துக்குங்க.”

குறை அவளுக்கும் இருந்தது. அப்பாதுரைக்கு மருந்தும் இலகுவான வேலையும் போதுமென்றார்கள் இதய மருத்துவர்கள். மகளின் இதயத்தில் ஆபத்து முற்றியிருந்தது. துடிப்பு தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியை அவள் தோளெலும்பின் கீழ்ப் பொருத்தினார்கள். கபடி அன்றோடு நின்றது. அதன்பின் அவள் ராஜலக்ஷ்மியின் போனை எடுக்கவில்லை. “உயிரைக் குடுக்கறேன்னு சொல்லிட்டு ஆட்டத்தைப் பிடுங்கிண்டுட்டேனோ ராதா?” என்று ஒருநாள் அவர் கேட்டார்.

பிறகு ஒரு காலை, பொம்மசந்திரா பஸ் நிறுத்தத்தில் சௌம்யா நினைவிழந்து விழுந்தாள். கருவி தன் வேலையைச் செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாதுரை போன் செய்தார். “பேசுறா மேடம். உங்ககிட்டதான் பேசணுங்கறா.”

“யாரோ நெஞ்சுல எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சு மேடம்” என்றது அவள் குரல். “உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். ஆனா இருக்கேன்ல.”

ராஜலக்ஷ்மி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வழியே வந்த ஸ்ரீஹர்ஷா நின்று, “ஏனாய்த்து மேடம், என்ன ஆச்சு?” என்று கேட்டார். ராஜலக்ஷ்மி நடந்ததைச் சொன்னார். ஸ்ரீஹர்ஷா கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்தார். “நான் பேப்பர்னு சண்டை போட்டேன்” என்றார் கடைசியில். “உன் சண்டையிலயும் நியாயம் இருந்தது ஹர்ஷா” என்றார் அவர். ஆய்வில் தெரிந்ததை உரிய குடும்பங்களுக்கு முறையாகச் சொல்லும் பிரிவை இருவரும் சேர்ந்தே தொடங்கினார்கள். பணி நிரந்தரமாகி, இன்று அதன் தலைவராக இருப்பவர் ஸ்ரீஹர்ஷா. எங்கெங்கோ இருந்து வரும் குடும்பங்கள் இப்போது அங்கே தங்கள் நெஞ்சின் செய்தியைத் தாங்களே முதலில் கேட்கின்றன.

அறிவை அருளோடு பிணைத்த அம்மையாரே, புகழ் வாயிலில் வந்து காத்திருக்க, பிறர் உயிரைப் பார்க்கப் புறவாசல் வழியே புறப்பட்டுப் போனவரே, இனிவரும் காலைகள் தங்களை அவசரப்படுத்தாதிருக்கட்டும். மல்லேசுவரத்து மர நிழலில் மனம்போல் நடந்து, மூப்பும் தங்களிடம் முன்சம்மதம் கேட்டே நெருங்கும்படி, முழுநலத்தோடு நெடுங்காலம் தாங்கள் எங்களிடையே இருக்க வேண்டும்.

சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் கையில் தரப் பெரிய மனிதர் ஒருவரை அழைக்கலாம் என்றார்கள் சிலர். ஸ்ரீஹர்ஷா மறுத்துவிட்டு ஹெப்பகோடிக்குப் போன் செய்தார். அங்கே ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் சௌம்யா, தம் தந்தையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போது அவர் எழுந்து மேடைக்கு வருகிறார்.

தங்களோடு உழைத்த பெருமையில் நிமிர்ந்து நிற்கும்,
மரபணு மற்றும் குருத்தணு ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்,
பெங்களூரு