கார்டில் ஒரு கனகாம்பாள்

சந்திரா: கத்தாம என்ன தம்பி பண்றது? நாலு நாளா வர்றேன். ஒரு நாளு கரண்டு இல்ல. ஒரு நாளு லைனு இல்ல. நேத்து நீயே இல்ல. இன்னிக்கு என்ன இல்ல?

ஹரிஹரன்: இன்னிக்கு எல்லாம் இருக்குக்கா. உங்க பொண்ணுதான் இல்ல.

சந்திரா: என்னது?

ஹரிஹரன்: அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க. ரேஷன் கார்டுல இல்லன்னு சொல்ல வந்தேன். பேரு கனகாம்பாள்தானே? உங்க பேரு இருக்கு, வீட்டுக்காரர் பேரு இருக்கு. பொண்ணு பேரக் காணும்.

சந்திரா: இந்தா கார்டு. மூணாவது பேரு என்ன? படிச்சவன்தானே, படி.

ஹரிஹரன்: அட்டையில இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல இல்ல.

சந்திரா: அப்ப கம்ப்யூட்டர்ல தப்பு.

ஹரிஹரன்: கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுக்கா...

சந்திரா: அப்ப நான் பெத்ததுதான் தப்பா? தாலுக்கா ஆபீசுக்குப் போனா, இனிமே பேப்பர் வாங்க மாட்டோம், உங்க ஊர்லயே கம்ப்யூட்டர் மையம் தொறந்தாச்சு, அங்க போம்மான்னு வெரட்டுறான். இங்க வந்தா நீ ஆளே இல்லேங்குற. நாளைக்கு அஞ்சு மணியோட நர்ஸ் படிப்புக்கு மனு வாங்குறது முடியுது. குடியிருப்புச் சான்று இல்லன்னா கையால தொட மாட்டாங்களாம். தெரியுமா உனக்கு?

ஹரிஹரன்: தெரியும்க்கா. எனக்கு மட்டும் கொடுக்கக் கூடாதுன்னா இருக்கு? அமுக்குனா செவப்புல எழுத்து வருது. நீங்களே பாருங்க.

சந்திரா: செவப்பப் பாத்து நான் என்ன பண்ண? தெறப்பு விழாவுல மைக்கப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? இனிமே காரைக்காலுக்கு அலைய வேண்டாம், அரசாங்கமே உங்க வாசலுக்கு வந்துருச்சுன்னு சொன்னீங்கள்ல? கைதட்டுனவள்ல நானும் ஒருத்தி. அந்தக் கையாலயே...

ஹரிஹரன்: இருங்க, இருங்க. பேரப் போட்டு ஊரு பூரா தேடிப் பாக்குறேன். திருவேட்டக்குடி... கனகாம்பாள்... பதினேழு வயசு... ம்... இருக்குக்கா!

சந்திரா: பாத்தியா! அப்புறம் ஏன்டா என் உசுர வாங்குன?

ஹரிஹரன்: ஆனா வேற கார்டுல இருக்கு. குடும்பத் தலைவர் முத்தையன். மகள் கனகாம்பாள். யாருக்கா இந்த முத்தையன்?

சந்திரா: எங்கண்ணன்.

ஹரிஹரன்: கூடப் பொறந்தவரா?

சந்திரா: ஆமா. அந்தக் கார்ட விடு. எம் பொண்ண என் கார்டுல சேத்துரு.

ஹரிஹரன்: எப்புடி விட முடியும்? ஒரு ஆளு ரெண்டு கார்டுல இருக்கக் கூடாது. அதான் உங்க கார்டுலேர்ந்து எடுத்துருக்கு.

சந்திரா: யாரு எடுத்தது?

ஹரிஹரன்: சிஸ்டம்தான்.

சந்திரா: கை இல்லாம எப்புடி எடுத்துச்சு? யாரு கை?

ஹரிஹரன்: ...என் கைதான்க்கா.

சந்திரா: நீயா?

ஹரிஹரன்: தெறப்பு விழாவுக்கு முன்னாடி ஊரு கார்டு பூரா ஏத்தி முடிக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. நானூறு கார்டு, பத்து நாளு. ஒரே பேரு, ஒரே வயசு, ஒரே தெரு. ரெட்டப் பதிவுன்னு நெனச்சு ஒண்ணத் தூக்கிட்டேன்.

சந்திரா: தூக்கிட்ட! நாலு வீடு தள்ளி வந்து கதவத் தட்டி ஒரு வார்த்த கேட்ருக்க மாட்ட? ஏன், மீன்காரி வீட்டு வாசல்ல நின்னா நாறுமா?

ஹரிஹரன்: அப்புடியெல்லாம் இல்லக்கா... சரி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவப்படாதீங்க.

சந்திரா: கோவப்படத்தான் வந்துருக்கேன். கேளு.

ஹரிஹரன்: சுனாமிக்கு அப்புறம் வீடு கொடுத்தப்ப, குடும்பமா இருக்குறவங்களுக்குத்தான் மொதல்லன்னு பேசிக்கிட்டாங்களாம். உங்கண்ணனோட வீட்டுக்காரம்மா பேருக்கு எதிர்ல இறப்புன்னு போட்டுருக்கு. அவரு தனி ஆளு. வீடு கெடைக்கட்டும்னு உங்க பொண்ண அவரு கார்டுலயும் எழுதிக் கொடுத்துட்டீங்க. அதானே?

சந்திரா: ...ஆமா.

ஹரிஹரன்: பாத்தீங்களா! செஞ்சதெல்லாம் நீங்க. வந்ததுலேர்ந்து என்னப் போட்டு வாங்குறீங்க.

சந்திரா: அதான் ஆமாங்குறேன்ல. நான்தான் எழுதச் சொன்னேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. தண்டன என்னவோ அத எனக்குப் போடு. எம் பொண்ணு பேர மட்டும் ஏத்து.

ஹரிஹரன்: நான் எதுக்குத் தண்டன போடப் போறேன்? அவரு வந்து, இது எம் மக இல்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும். ரெண்டு நிமிஷ வேலை. வரச் சொல்லுங்க.

சந்திரா: அது முடியாது.

ஹரிஹரன்: ஏன், கடலுக்குப் போயிருக்காரா?

சந்திரா: கரையிலதான் இருக்காரு. வலையச் சரி பண்ணிக்கிட்டு இருக்காரு. ஆனா அந்தப் பேப்பர அவருகிட்ட நீட்டக் கூடாது. வேற வழி சொல்லு.

ஹரிஹரன்: வேற வழி இல்லக்கா. பொண்ணு படிப்பு முக்கியமா, அண்ணன் மனசு கோணாம இருக்குறது முக்கியமா?

சந்திரா: அதக் கேக்க நீ யாருடா?

ஹரிஹரன்: சரி, நீங்க கூப்புட வேணாம். மைக்கு இருக்கு, நான் கூப்புடுறேன்... "கவனிக்கவும். முத்தையன் அவர்கள், தங்கள் மகள் கனகாம்பாள் சம்பந்தமாக உடனே மையத்துக்கு வரவும். மகள் கனகாம்பாள் சம்பந்தமாக..."

சந்திரா: அடப்பாவி! நிறுத்து! நிறுத்துடா அத!

ஹரிஹரன்: கைய விடுங்கக்கா! தெனம் அலை எத்தன அடின்னு சொல்ற மைக்குதானே, என்ன ஆயிருச்சு இப்ப?

சந்திரா: என்ன ஆச்சா? கரை வரைக்கும் கேட்ருக்கும்டா! அந்தப் பேர அவரு காதுபட இந்த ஊர்ல ஒருத்தரும் சொல்றதில்ல. எம் பொண்ணையே நாங்க தீபான்னுதான் கூப்புடுறோம். நாலரை வருஷமாக் காப்பாத்தி வச்சத ஒரு நிமிஷத்துல...

ஹரிஹரன்: எதக் காப்பாத்தி வச்சீங்க?

சந்திரா: அந்தா, ஓடி வர்றாரு பாரு. சட்ட கூடப் போடல. நீ வாயத் தொறக்காத. அண்ணே... ஒண்ணுமில்லண்ணே. நீ போ.

முத்தையன்: யாரு... மைக்குல கூப்ட்டது யாரு?

ஹரிஹரன்: நான்தாங்க. மொதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.

முத்தையன்: கெடச்சிருச்சா?

ஹரிஹரன்: என்னதுங்க?

முத்தையன்: மகள் கனகாம்பாள்னு சொன்னியே... எங்கேர்ந்தாவது தகவல் வந்துச்சா?

சந்திரா: ஒண்ணும் வரலண்ணே. இவன் ஒரு மடையன். வா, வீட்டுக்குப் போவோம்.

ஹரிஹரன்: மடையன்னு வேற சொல்றீங்களா? அய்யா, உங்க தங்கச்சி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க. வீட்டுக்காக அவங்க பொண்ண உங்க கார்டுல எழுதுனத.

முத்தையன்: என் கார்டுலயா? இவ பொண்ணையா?

சந்திரா: ஆமாண்ணே, நான்தான் எழுதுனேன். நீ பேசாம இரு.

முத்தையன்: ஏன் பொய் சொல்ற நீ?

சந்திரா: அண்ணே, சொன்னாக் கேளு...

முத்தையன்: தீபா படிப்புக்கா இது? அந்த நர்சு படிப்புக்கா?

ஹரிஹரன்: ஆமாங்க, நாளைக்குக் கடைசி நாளு. உங்க கார்டுல அந்தப் பேரு இருக்குற வரைக்கும் அந்தப் பொண்ணுக்குச் சான்று வராது. இது எம் மக இல்லன்னு எழுதி...

முத்தையன்: எழுத மாட்டேன்.

ஹரிஹரன்: என்னங்க இது, நல்லா இருக்கே! தங்கச்சி பொண்ணோட படிப்பு...

முத்தையன்: வாய மூடுடா! எம் மகள எம் மக இல்லன்னு எழுதச் சொல்ல நீ எவன்டா?

சந்திரா: வேணாண்ணே. போவட்டும், தீபா அடுத்த வருஷம் படிச்சுக்கும்.

முத்தையன்: அடுத்த வருஷம் மட்டும் என்ன மாறப் போவுது? தம்பி, கேட்டுக்க. கனகாம்பாள் எங்க ஆத்தா பேரு. நானும் இவளும் தலச்சம் பொண்ணுக்கு அந்தப் பேரத்தான் வச்சோம். எங்க வீட்ல அதான் வழக்கம். ஒரே வருஷத்துல பொறந்ததுங்க. நீ ஒண்ணுன்னு நெனச்சது ரெண்டு பொண்ணு.

ஹரிஹரன்: அப்ப... உங்க பொண்ணு எங்கங்க?

சந்திரா: கேக்காதடா!

முத்தையன்: கேக்கட்டும், விடு. ...அலை வந்த அன்னிக்கு அவ அம்மா உடம்பு கெடச்சுது, எரிச்சோம். புள்ள கெடைக்கல. கணக்கெடுக்க வந்தவன் வீட்ல எத்தன பேருன்னு கேட்டான். நானும் எம் மகளும், ரெண்டு பேருன்னு சொன்னேன். இவ பக்கத்துலதான் நின்னா, வாயத் தொறக்கல. ஊரும் தொறக்கல. ...தம்பி, செத்துப் போச்சுன்னு போட எந்தப் பட்டன்னு காட்டு. நீ அமுக்காத, பெத்தவன் நான் இருக்கேன்.